உனக்கு எத்தனை வயது?

போன வெள்ளிக்கிழமை ஹலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகிற நாள். இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 12 மணி தாண்டிவிட்டது. ஜக்கெற் பொக்கற்றுக்குள் சொக்லேட் சுற்றிய வெறும் தாள்கள், கால் இரண்டும் உளைச்சல், கத்திக் கத்தித் தொண்டையும் அடைத்துப்போயிருந்தது. படுத்தும் நித்திரை வரவில்லை. 12 வயதைத் தாண்டின பிள்ளைகளைப் பற்றி எழுதவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன், அதற்குள் டிசம்பர் வேலைகள் தலைக்கு மேல் வந்துவிடும். இந்த முறை அவை தொடங்க முன்னமே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கனடாவுக்கு வந்தது 1993 ஆவணியில். எனக்கு 8 வயது, தம்பிக்கு 2. ஸ்காபரோவில் மார்க்கம் வீதியும் எக்ளின்டனும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு தொடர்மாடி, அதில் ஒன்பதாம் மாடி. அப்பாவுக்குப் பின்னேரங்களில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை, அது முடிய ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கும் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் கேட்டுப் பழகின ஆங்கிலம்தான். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனால் எல்லாரும் வேஷம் போட்டு வந்திருந்தார்கள், ரீச்சர் தலையில் ஒரு கறுப்புக் கூம்புத் தொப்பி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற மாறுவேடப் போட்டி மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 31. அன்று காலையில்தான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியிருந்தார்கள். இப்போது நவம்பர் முதல் ஞாயிறுதான் திருப்புகிறோம், 2007 இல் வந்த மாற்றம் அது. அந்த நாட்களில் அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பிவிடுவதால் ஹலோவீன் அன்று ஐந்தரைக்கெல்லாம் நல்ல இருட்டு. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா தம்பிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். கதவை யாரோ தட்டினார்கள்.

அம்மா கதவிலிருந்த சின்னத் துவாரத்தால் பார்த்தார். பார்த்ததும் இரண்டடி பின்னுக்கு வந்துவிட்டார். முகம் முழுக்க வெள்ளை பூசி, வாயோரம் இரத்தம் வழிய ஒருத்தன் நிற்கிறானாம், அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேராம். "கதவைத் திறக்காதை பிள்ளை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு லைற் எல்லாவற்றையும் நூர்த்தார். எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தம்பி சத்தம் போடாமல் இருக்க அவன் வாயில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் தலையைத் தன் மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்திய இராணுவம் சண்டையோடு உள்ளே வந்த 1987 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்த ஒருத்திக்கு, இருட்டின பிறகு கதவு தட்டுவது என்றால் அது ஒன்றுதான். அம்மா அதைப் பற்றி எங்களிடம் எப்போதும் விரிவாகக் கதைத்ததில்லை. ஆனால் அந்தக் குளியலறையில் அவர் இருந்த விதத்திலேயே எனக்கு ஏதோ விளங்கிவிட்டது. தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கூட்டம் போக இன்னொரு கூட்டம். வெளியே சிரிப்புச் சத்தம், ஓடுகிற சத்தம், எலிவேற்றர் மணி. ஒன்பது மணிக்குப் பிறகுதான் அடங்கியது, அதற்கும் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் நாங்கள் வெளியே வந்தோம்.

காலையில் அப்பா வேலை முடிந்து வந்தபோது கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. எங்கள் கதவின் கைப்பிடியில் தொங்கியதாம். உள்ளே கொஞ்சம் சொக்லேட், உருளைக்கிழங்குச் சிப்ஸ் பைக்கற் இரண்டு, ஒரு சின்னத் தாளில் இரண்டு சிரிக்கிற முகம். எதிர்வீட்டுக் கயானாக்கார அன்ரி வைத்தது. உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள், கதவு திறக்கவில்லை, ஏதோ பயந்துவிட்டார்கள் என்று அவர் ஊகித்திருக்கிறார். அவர் அதைச் செய்திராவிட்டால் எங்கள் வீட்டில் ஹலோவீன் என்ற சொல்லே பிறகு வந்திராது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அந்த அன்ரிதான் அம்மாவுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினார், பாதி ஆங்கிலம், பாதி கையால். அம்மா இரண்டு நாள் இருந்து பயித்தம் உருண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி ஒரு பெரிய தட்டில் அடுக்கி வைத்தார். அன்ரி பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு, மிச்சத்தில் ஒரு பத்தைத் தனக்கு என்று வாங்கிக்கொண்டு, பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: இங்கே கடையில் பைக்கற் பண்ணினதைத் தவிர வேறெதையும் தாய் தகப்பன் பிள்ளைகளைத் தின்ன விடமாட்டார்கள், எறிந்துவிடுவார்கள். அம்மாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவை அனுப்பிக் கடையில் மிக மலிவாக இருந்த மிட்டாய்ப் பை ஒன்றை வாங்கிவந்தோம். கனடாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கேர்ஸ் கம்பனியின் மொலாசஸ் கிஸ். செம்மஞ்சள் தாளில் சூனியக்காரியும் பூசணிக்காயும் அச்சடித்துச் சுற்றியிருக்கும் கறுப்பு மிட்டாய். பல்லில் ஒட்டினால் லேசில் விடாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவே பிடிக்காத மிட்டாய் அதுதான், எல்லாருடைய பையிலும் கடைசிவரை மிஞ்சிக் கிடப்பதும் அதுதான்.

எனக்கு அந்த வருடம் பேய் வேஷம். வெள்ளைப் படுக்கைவிரிப்பில் கண்ணுக்கு ஓட்டை வெட்டவேண்டும் என்று கேட்டேன், அம்மா சம்மதிக்கவில்லை, வீட்டில் இருந்ததே இரண்டு விரிப்பு. அப்பாவின் வேட்டியைத் தலையிலிருந்து சுற்றி ஊசி குத்திவிட்டார், உதட்டோரம் குங்குமத்தைக் குழைத்து இரத்தம். அதற்கு மேல் குளிருக்கு ஜக்கெற்றையும் மாட்டி இழுத்துப் பூட்டியும் விட்டார். கனடாவில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை இருக்கும், என்ன வேஷம் போட்டாலும் கடைசியில் ஜக்கெற் போட்ட ஒரு பிள்ளைதான். கையில் தலையணை உறை. பதினான்காம் மாடிக்கு எலிவேற்றரில் போய், அங்கிருந்து படியால் ஒவ்வொரு மாடியாக இறங்கி வருவோம், என் பின்னால் ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகள், ஒரு சோமாலிப் பெடியன், அன்ரியின் இரண்டு பேரப்பிள்ளைகள். மாடிக்கு மாடி தரைவிரிப்பின் நிறம் ஒன்றாகத்தான் இருக்கும், மணம்தான் மாறும்.

வீட்டுக்கு வந்து தலையணை உறையைத் தரையில் கவிழ்ப்பதுதான் உச்சம். காலையில் அப்பா வருவார், சப்பாத்தைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் இருந்து, நாங்கள் ஒதுக்கி வைத்த மொலாசஸ் கிஸ் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஒன்றை உரித்து வாயின் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பிளேன்ரீயை உறிஞ்சுவார். "அச்சாப் பனங்கட்டி" என்பார். ஊரில் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதுபோலவே இதையும் ஒரு மாதத்துக்கு வைத்துக் கடித்தார். கருகின வெல்லத்தின் வாசம், கடைசியில் ஒரு சின்னக் கைப்பு, உண்மையிலேயே பனங்கட்டிதான். அந்த மிட்டாயை விரும்பின ஒரே மனிதர் என் அப்பா என்று நான் கனகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

1995 ஐப் பற்றியும் எழுதவேண்டும். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் யுனிசெப் பெட்டி தந்தார்கள், கழுத்தில் கயிற்றில் தொங்கவிடுகிற செம்மஞ்சள் மட்டைப் பெட்டி. மிட்டாய் கேட்கப் போகிற வீடுகளில் சில்லறையும் வாங்கி அதற்குள் போடவேண்டும். 1955 இல் கனடாவில் தொடங்கிய வழக்கம், 2006 இல் நிறுத்திவிட்டார்கள். நான் அந்தப் பெட்டியை முந்தின கிழமையே வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ரேடியோ போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் எங்கள் வீட்டில், ஒருத்தரும் கதைக்கவில்லை. முந்தின நாள், ஐப்பசி 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்கச் சனம் வெளிக்கிட்டுவிட்டது. இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் எங்களுடைய அம்மம்மாவும் பெரியம்மாவும் இருந்தார்கள்.

அன்றிரவு நான் வெளியே போகமாட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா எழும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் எனக்கு வேட்டியைச் சுற்றிவிட்டார். கை நடுங்கியதால் ஊசி என் தோளில் குத்தியது. யுனிசெப் பெட்டியைத் தானே எடுத்து என் கழுத்தில் போட்டார், அந்த நீல எழுத்தை ஊரில் கண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். நான் அன்று மிட்டாயைவிடச் சில்லறையைத்தான் அதிகம் கேட்டேன். இந்தக் காசு அம்மம்மாவிடம் நேரே போய்ச் சேரும் என்று 10 வயதில் நினைத்தேன். தை மாதம்தான் கடிதம் வந்தது, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம், அம்மம்மாவுக்குக் கால் வீக்கமாம். இப்போதும் எங்கள் வீட்டில் ஐப்பசி 30 உம் 31 உம் ஒட்டிக்கொண்டுதான் வரும். முதல் நாள் சாமிப் படத்துக்கு முன் ஒரு விளக்கு, அடுத்த நாள் வாசலில் பூசணிக்காய்க்குள் ஒரு விளக்கு.

பிறகு 1998. எனக்கு 13 வயது. அந்த வைகாசியில் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் முதுகு பிடித்து, படுத்தவர் படுத்தபடி. அரசாங்க உதவிப் பணம், அம்மா இரவில் அலுவலகங்கள் துப்பரவாக்கும் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கதைப்பதையே விட்டுவிட்டேன், மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிவறையில் போய் நிற்பேன். வீட்டில் யாருக்கும் அது தெரியாது, எல்லாருக்கும் அவரவர் பாடே பெரும்பாடு. ஹலோவீன் சனிக்கிழமை வந்தது. தம்பிக்கு 7 வயது, அவனைக் கூட்டிக்கொண்டு, எங்கள் கட்டடத்துக்குப் பின்பக்கம் தனி வீடுகள் இருக்கிற தெருவுக்குப் போனேன், அங்கே பெரிய சொக்லேட் தருவார்கள் என்று பேச்சு. நான் அந்த வருடம் நாலு அங்குலம் வளர்ந்திருந்தேன், வேட்டி முழங்கால்வரைதான் வந்தது.

ஒரு வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தார். தம்பியின் பைக்குள் சொக்லேட்டைப் போட்டார். என்னைப் பார்த்து, உனக்கு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, உனக்குக் கொஞ்சம் வயது கூடிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தலையணை உறையைச் சுருட்டி ஜக்கெற்றுக்குள் வைத்துவிட்டு, மிச்ச வீடுகளுக்குத் தம்பியைப் படியேற விட்டுக் கீழே தெருவில் நின்றேன். பிறகு நான் வேஷம் போடவில்லை.

அந்த டிசம்பரில் பள்ளிக்கூடம் மூலம் தம்பிக்கு ஒரு நத்தார்ப் பரிசுப் பெட்டி வந்தது. கம்பளித் தொப்பி, கையுறை, ஒரு விளையாட்டுக் கார், படக்கதைப் புத்தகம், பற்தூரிகை. எனக்கு வயது கடந்துவிட்டதால் எனக்கு இல்லை. நான் அவனுக்காகச் சந்தோசப்பட்டேன், உண்மையாகவே சந்தோசப்பட்டேன், புத்தகத்தை நானே வாசித்துக் காட்டினேன். எல்லாரும் படுத்த பிறகு அந்தக் கையுறை எனக்கு அளவாக இருக்குமா என்று எடுத்துப் போட்டுப் பார்த்தேன். விரல்கள் பாதிதான் உள்ளே போயின.

இதைத்தான் சொல்லவேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். 12 வயதுவரை இந்த ஊர் பிள்ளைகளைக் கையில் வைத்துத் தாங்குகிறது. 13 இல் கையை எடுத்துவிடுகிறது. வேர்ஜீனியாவில் செசபீக் என்ற நகரத்தில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஹலோவீனுக்கு வீடு வீடாகப் போனால் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 1970 இல் சட்டமே போட்டு வைத்திருந்தார்கள். 2019 இல்தான் வயதை 14 ஆக்கிச் சிறையையும் எடுத்தார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் பாதர்ஸ்ற் நகரத்திலும் 14 என்று ஒரு கட்டுப்பாடு இருந்து பிறகு 16 ஆனது. ரொறன்ரோவில் 1906 இலிருந்து ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகையின் சான்ரா குளோஸ் நிதி வருடாவருடம் பிள்ளைகளுக்குப் பெட்டி அனுப்புகிறது, அதுவும் பிறந்த குழந்தையிலிருந்து 12 வயதுவரை. அது எத்தனையோ வீடுகளுக்குப் பெரிய உதவி, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, காசுக்கு ஒரு அளவு இருக்கிறது, எங்கேயோ ஒரு கோடு போடத்தான் வேண்டும். ஆனால் எல்லாரும் அந்தக் கோட்டை ஒரே இடத்தில் போட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளை என்ன செய்யும்? 13, 14, 15 தான் ஒரு பிள்ளை வீட்டில் என்ன நடக்கிறது என்று முழுதாக விளங்கிக்கொள்கிற வயது. வாடகைக் கடிதம் வந்தால் அதை ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான்.

2016 இல் என் சிநேகிதி ஒருத்தி, வீடில்லாத இளம் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறவள், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள், நத்தாருக்குச் சனம் நிறையத்தான் கொண்டுவந்து தருகிறது, எல்லாம் கரடிப் பொம்மையும் நிறம் தீட்டுகிற புத்தகமும், என்னிடம் இருப்பது 16 முதல் 24 வயதுவரையான ஆட்கள், போன வருடம் ஒரு 17 வயதுப் பெடியன் பெட்டியைத் திறந்து கரடியைப் பார்த்துவிட்டு மெதுவாக மூடி என்னிடமே திருப்பித் தந்தான், நன்றி என்றும் சொன்னான். அன்றிரவே நானும், அந்தத் தொடர்மாடியில் என்னோடு படியிறங்கின இரண்டு பேரும் கதைத்து, 11 பரிசுப் பை செய்தோம். இப்போது நாங்கள் 7 பேர், போன டிசம்பரில் 58 பை.

முதல் வருடம் நான் பிழைவிட்டேன். மணக்கிற சவர்க்காரம், லோஷன், மினுங்குகிற தாளில் சுற்றின மெழுகுதிரி என்று எனக்குப் பிடித்ததை எல்லாம் வாங்கிப் போட்டேன். பாதிக்கு மேல் மேசையில் கிடந்ததாகச் சிநேகிதி சொன்னாள். அடுத்த வருடத்திலிருந்து நவம்பர் தொடக்கத்திலேயே பெயர் எழுதாத ஒரு தாளை அனுப்பிக் கேட்டுவிடுவோம். என்ன அளவு, என்ன நிறம், என்ன வேண்டாம். வந்த பதில்களைப் படித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. கறுப்பு ஹூடி, முன்னால் எழுத்து எதுவும் வேண்டாம். போன் சார்ஜர், வயர் நீளமாக இருக்கவேண்டும், ஏனென்றால் மேல் கட்டிலில் படுப்பவருக்குச் சுவரில் இருக்கிற பிளக் எட்டாது. லொக்கருக்குப் பூட்டு. சுருள் முடிக்கான எண்ணெய், நித்திரை கொள்ளும்போது முடிக்குக் கட்டுகிற சற்றின் தொப்பி, சாதாரண ஷாம்பூ என் முடிக்குச் சரிவராது என்று ஒரு பிள்ளை அடிக்கோடு போட்டிருந்தாள். பஸ்ஸுக்குப் பிறெஸ்ரோ கார்ட்டில் காசு. வேலை நேர்முகத்துக்குப் போட ஒரு கறுப்புக் காற்சட்டை.

ஒரு தாளில் "என் தங்கைக்குக் கொடுக்க ஏதாவது, அவள் வேறு வீட்டில் இருக்கிறாள், 9 வயது" என்று மட்டும் இருந்தது. தனக்கென்று ஒன்றும் எழுதவில்லை. அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பைக்குள்ளும் இன்னொருவருக்குக் கொடுக்க ஒரு சின்னச் சாமான், சுற்றாமல் வைப்போம், பக்கத்தில் பரிசுத்தாள், ரேப், பெயர் எழுதுகிற அட்டை. சுற்றிக் கொடுப்பது அவர்கள் கையால் நடக்கவேண்டும்.

பையே முக்கியம். சிறுவர் பராமரிப்பில் வளர்கிற பிள்ளைகளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றும்போது அவர்களுடைய சாமான் எல்லாம் கறுப்புக் குப்பைப் பையில்தான் போகும் என்பது அந்தத் துறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. காப்பக வாசலில் ஒரு முறை நானே பார்த்தேன். பையின் அடி கிழிந்து ஒரு சப்பாத்து வெளியே வந்திருந்தது, அந்தப் பிள்ளை அதைக் காலாலே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அதனால் நாங்கள் காசில் பெரும்பங்கை நல்ல கன்வஸ் பயணப் பைக்குச் செலவழிக்கிறோம், சிப் உறுதியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பத்துத் தரம் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவோம். ஒன்ராறியோவில் 2023 சித்திரையிலிருந்து, பராமரிப்பில் இருந்து வெளியேறுகிறவர்களுக்கு 23 வயதுவரை அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. நல்ல விஷயம், முந்தி இருந்ததைவிட எவ்வளவோ மேல். டிசம்பர் 25 காலையில் எல்லாக் கடையும் பூட்டியிருக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே இருந்து யாரோடு சாப்பிடுவது என்பது அந்தக் காசுக்கு வெளியே இருக்கிற விஷயம்.

ஹலோவீனை நாங்கள் தொடங்கியது 2017 இல், என்னுடைய பிடிவாதத்தில். காப்பகத்தின் கீழ் மாடியில் ஒரு நீள நடை, இரண்டு பக்கமும் ஏழு அறை, பணியாளர்களின் அலுவலகம், உடுப்புத் தோய்க்கிற அறை, களஞ்சியம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எங்களில் ஒருத்தர் ஒரு பெரிய பாத்திரம் நிறைய மிட்டாயோடு நிற்பது, பிள்ளைகள் வந்து தட்டிக் கேட்பது. வயது கேட்பதில்லை, கதை கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை. இந்த மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்கிற சட்டம்.

முதல் வருடம் கதவுகள் சாத்தியிருந்தன. முதல் பெடியன் தட்டினான், பலமாக, பகிடியாகத்தான். நடையின் கோடியில் நின்ற ஒரு பிள்ளை அப்படியே சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டாள், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. அகதியாக வந்து மூன்று மாதம் ஆனவள். எனக்கு ஈரக்குலை பதறிவிட்டது. குளியலறையில் அம்மாவின் மடியில் தலை வைத்திருந்த எனக்கு, இது தோன்றியிருக்கவேண்டாமா? இருட்டில் கதவு தட்டுகிற சத்தம் எல்லாருக்கும் விளையாட்டு இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நிமிடமே ஏழு கதவையும் விரியத் திறந்து ஆப்பு வைத்தோம். இன்றுவரை எங்கள் ஹலோவீனில் கதவு தட்டுவது கிடையாது, திறந்த கதவுக்கு முன்னால் வந்து நின்றால் போதும். இரத்தம், துவக்கு, முகமூடி எதுவும் கிடையாது. அந்தப் பிள்ளை அரை மணித்தியாலம் கழித்து உடுப்புத் தோய்க்கிற அறை வாசலுக்கு வந்தாள், அங்கேதான் நான் நின்றேன், உப்புச் சிப்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்த பைக்கற் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

இந்த வருடம், 2025 இல், நிலைமை வேறு. அதே வெள்ளிக்கிழமை இரவுதான் எங்கள் ஊர் பேஸ்போல் அணி ப்ளூ ஜேஸுக்கு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், அதுவும் ரொறன்ரோவில். ஊரே நீலம். இன்றைக்கு ஒருத்தரும் கீழே வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பாத்திரங்களை நிரப்பினோம். ஆனால் எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்க முதலே வந்துவிட்டார்கள், பாதிப்பேருக்கு ஜேஸ் தொப்பிதான் வேஷம். ஒரு உயரமான பெடியன், 17 அல்லது 18 இருக்கலாம், ஹூடியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றான். வரவில்லை. மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எல்லாரும் மேலே ரீவிக்கு முன்னால் போன பிறகு என் வாசலுக்கு வந்து, தலையணை உறையை நீட்டினான். நாங்கள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை, அவனே தன் கட்டிலிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறான். உறையின் ஓரத்தைச் சரியாக இரண்டு முறை மடித்து வாயை அகலமாக வைத்திருந்தான், மிட்டாய் போட வசதியாக. எங்கேயோ ஒரு வருடம், ஒரு வீட்டில், யாரோ அவனுக்கு அப்படி மடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அள்ளிப் போட்டேன். ஏழு வாசலுக்கும் போனான். பிறகு ஹூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேறு ஆள் மாதிரி, மறுபடி முதல் வாசலிலிருந்து தொடங்கினான். மூன்றாம் சுற்று யாரோ ஒருவரின் ஜேஸ் தொப்பியோடு. ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருத்தரும் அவனை முன்பின் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவனும் முகத்தை வைத்திருந்த விதம் அப்படி. பாத்திரத்தின் அடியில் மிஞ்சிக் கிடந்த மொலாசஸ் கிஸ்ஸை எடுத்து, இது உனக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன் என்றேன். வாங்கி உரித்து வாயில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் சப்பிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

அப்பா 2011 இல் போய்விட்டார். அம்மா அந்தத் தொடர்மாடியிலேயே இருக்கிறார், அதே ஒன்பதாம் மாடி. ஒவ்வொரு அக்டோபரிலும் கட்டடத்து வாசலில், மிட்டாய் கொடுக்க விருப்பமான வீட்டு இலக்கத்தை எழுதச் சொல்லி ஒரு தாள் ஒட்டுவார்கள். முதல் வரியில் அம்மாவின் வீட்டு இலக்கம் இருக்கும். டிசம்பர் பைகளுக்கு வேண்டிய மொலாசஸ் கிஸ்ஸையும் அவர்தான் ஹலோவீன் முடிந்த அடுத்த நாள் பாதி விலைக்கு வாங்கி, பைக்கு நாலு என்று எண்ணிக் கட்டித் தருவார். இந்த முறை 60 பைக்கு மேல் போகும் போலிருக்கிறது. நீளமான சார்ஜர் வயரும், பெரிய அளவு ஹூடியும் இன்னும் குறைகிறது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு, நாங்கள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன்.

"பிள்ளை, இப்பத்தான் ஒரு பெரிய பெடியன் வந்திட்டுப் போறான். மீசையும் முளைச்சிருக்கு. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தவன், தனக்கு வேண்டாம் எண்டு தள்ளி நிண்டவன். நான் விடேல்லை, கூப்பிட்டு அவன்ரை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள ரெண்டு பிடி போட்டு விட்டனான்."

நான் நல்லது அம்மா என்றேன்.

"சரி, ஜேஸ் எத்தினை அடிச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.